ஏற்காடு என்று தேடினால் பாதிதான் கிடைக்கும்

சேலம் பக்கம் ஓர் அறிவியல், பொறியியல் நூலகத்தின் கவுன்டரில் உட்காருபவன் நான். பிப்ரவரி பிறந்துவிட்டால் இறுதியாண்டு மாணவர்களின் வருகை தொடங்கிவிடும். ரிவ்யூ நெருங்கியிருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. "அண்ணா, எங்க டாபிக்ல எதுவுமே இல்லைங்கண்ணா" என்பார்கள். பெரும்பாலும் இருக்கும். தேடிய விதத்தில்தான் கோளாறு.

போன வருடம் வந்த ஒரு பையன். ஏற்காட்டுப் பாறையை ஜல்லியாகப் பயன்படுத்துவது பற்றி ப்ராஜெக்ட். ஏற்காடு, பாறை என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடியிருக்கிறான். வந்ததெல்லாம் சுற்றுலாவும் காபித் தோட்டமும்தான். ஆய்வுக் கட்டுரைகளில் இந்த மலைக்குப் பெயர் ஷெவராய். சிலர் சேர்வராயன் என்று எழுதுவார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். பாறைக்குப் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் வைத்த பெயர் அது. ஷெவராய், சார்னோக்கைட் இரண்டையும் சேர்த்துத் தேடச் சொன்னேன். அரைமணி நேரத்தில் படிக்க முடியாத அளவுக்குக் கட்டுரைகள்.

அதோடு விட்டுவிடவும் முடியாது. நிலவியலாளர்களான வில்லியம் கிங்கும், பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே குடியிருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம் பகுதியின் நிலவியலை ஆராய்ந்து எழுதியது 1864இல் வெளியானது. சார்னோக்கைட் என்று தேடினால் அது எப்படி வரும்? அந்தச் சொல்லே அப்போது பிறக்கவில்லையே! பழைய எழுத்துகளைத் தேடும்போது அந்தக் காலத்தில் என்ன பெயர் சொன்னார்கள் என்று யோசிக்க வேண்டும். மாமாங்கம் பக்கம் வெள்ளையாகத் தெரியும் கரடுகளும் அப்படித்தான். அறிக்கைகளில் அவை சாக் ஹில்ஸ். பெயரில் சாக் இருக்கிறதே தவிர மண்ணில் இல்லை. அங்கே இருப்பது மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம், அது நரம்பு நரம்பாக ஓடுவது டியூனைட் பாறையில். இந்த மூன்று பெயர்களும் தெரியாமல் தேடுவது வீண்.

வெறுமனே சேலம் என்று தேடுவது இன்னொரு கூத்து. அமெரிக்காவில் மாசசூசெட்ஸிலும் ஓரிகனிலும் சேலம் இருக்கிறது. தமிழ்நாடு என்று சேர்த்துவிட்டால் இது சரியாகிவிடும். ஆனால் சேலம் மாவட்டம் என்ற பெயரில் ஒளிந்திருக்கும் பொறி அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. தர்மபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல் பிரிந்தது. 1990ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்க் கணக்கையும் இப்போதைய கணக்கையும் அருகருகே வைத்து "பாதியாகக் குறைந்துவிட்டது" என்று எழுதினால், குறைந்தது தண்ணீரா, மாவட்டத்தின் பரப்பா என்று எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், கேட்பார். கேட்டும் இருக்கிறார்கள்.

அடுத்தது சிவில் மாணவர்களுக்கு. ஐஎஸ் கோடு, அதாவது இந்தியத் தர நிர்ணய விதிப் புத்தகங்களை எண்ணை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், ஆண்டையும் பாருங்கள். எஃகுக் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 800, எங்கள் அலமாரியில் 1984 பதிப்பும் இருக்கிறது, 2007 பதிப்பும் இருக்கிறது. பழையது அனுமதிக்கப்பட்ட தகைவு முறையில் கணக்கிடுவது, புதியது லிமிட் ஸ்டேட் முறை; இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்றிலிருந்து சூத்திரமும் இன்னொன்றிலிருந்து அட்டவணையும் எடுத்துக் கலந்து போட்ட டிசைனை என் கண்ணால் பார்த்தேன். கான்கிரீட் கலவைக்கான ஐஎஸ் 10262 கூட 2009க்குப் பிறகு 2019இல் மாறியது. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் இந்தியத் தரக் கோடுகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், திருத்தங்களையும் அங்கேயே பார்க்கலாம். அப்படியிருக்க, எங்கள் பிரதியில் தேவையான பக்கத்தை பிளேடு வைத்து அறுப்பது எதற்கு என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

ஜர்னல் விஷயத்துக்கு வருவோம். அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் கட்டுரைக்குப் பணம் கட்டச் சொல்லும் பக்கத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஒரே நாடு ஒரே சந்தா என்று, அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டும் திட்டம் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். உங்கள் கல்லூரி அதில் இருந்தால் பணம் கட்டவே வேண்டாம். வீட்டிலிருந்து படிக்க என்ன லாகின் என்று நூலகத்தில் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் சந்தா வேறு மாதிரி இருக்கும், ஆனாலும் டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்பு வழியாக வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க வழி இருக்கலாம். அதற்கு நாளாகும், அதனால்தான் முன்கூட்டியே வரச் சொல்கிறோம். ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

கிடைக்கிறது என்பதற்காக மொத்தமாக அள்ளவும் கூடாது. நான் முன்பு இருந்த ஒரு வளாகத்தில், ஒரு மாணவர் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு ஓர் இதழின் பல வருடத் தொகுதிகளை ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டார். பதிப்பகங்கள் வளாகத்தை அடையாளம் காண்பது அதன் இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்து. ஒருவர் செய்தாலும் கதவு எல்லோருக்கும்தான் மூடும். ஆய்வேடு முடிக்கும் தறுவாயில் இருந்த ஓர் அக்கா அந்த வாரம் முழுக்க எங்கள் கவுன்டரில் வந்து நின்றதை மறக்க முடியாது. ஒவ்வொன்றாக, படிக்கப் போவதை மட்டும் இறக்குங்கள்.

இப்போது புதிதாக ஒன்று: சாட்பாட் எழுதிக்கொடுத்த ரெஃபரன்ஸ் பட்டியலோடு வருகிறார்கள். தலைப்பு அருமையாக இருக்கும், இதழின் பெயர் உண்மையானதாக இருக்கும், கட்டுரைதான் உலகத்திலேயே இருக்காது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் டிஓஐ எண்ணை இணையத்தில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றாலும், திறந்து வேறு கட்டுரை வந்தாலும் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குப் பயந்து சொற்களை மாற்றும் கருவிகளில் போடுவதும் இதே ரகம். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ் (போலி உணர்வு) ஆகி அச்சாகியே இருக்கிறது, பல இதழ்களில். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. ஆனால் சதவீதம் மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று அறிக்கையைத் திறந்து படியுங்கள். மேற்கோள் குறியில்லாமல் எடுத்த ஒரு பத்தி 4 சதவீதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

அப்புறம், அலமாரி. எடுத்த புத்தகத்தை நீங்களே திருப்பி வைக்காதீர்கள், மேசையில் விட்டுவிடுங்கள். அலமாரி வரிசை எண் 621.3இல் இருக்க வேண்டிய மின்பொறியியல் புத்தகம் 612இல், மனித உடலியலுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் ஸ்டாக் எடுக்கும் வரை எங்களுக்கே தெரியாது. தேர்வு வரை பத்திரமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே ஒளித்து வைப்பவர்களும் உண்டு. வைத்த இடம் அவர்களுக்கே மறந்துபோகும்!

எங்களிடம் வரும்போது இதுவரை எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு வந்தால் கூட்டமும் இருக்காது.