கொழும்பில் நுவார் குறும்படம் எடுப்பது எப்படி

எடுத்து முடித்த வீடியோவை எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு "நுவார்" என்று பெயர் வைக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கலியாண வீடியோவையும் அப்படி மாற்றலாம்தான், ஆனால் கடைசியில் கையில் இருப்பது கறுப்பு வெள்ளைக் கலியாண வீடியோ. நுவார் என்பது இருட்டும் நிழலுமாக எடுக்கிற குற்றக்கதைப் படம், அதில் முதல் வேலை லைட் போடுவது இல்லை, எரிகிற லைட்டை எல்லாம் அணைப்பது. அதற்கு அப்புறம் எதைக் காட்ட வேண்டுமோ அதற்கு மட்டும் ஒரேயொரு லைட்.

இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்தால் வேலை இலகு. 1920இல் ஜெர்மனியில் வந்த டாக்டர் காலிகாரி படத்தில் நிழலைச் செட்டிலேயே பெயின்டால் வரைந்து வைத்திருந்தார்கள். கோணலான சுவர், கோணலான தெரு, பைத்தியம் பிடித்தவனின் கண்ணில் தெரிகிற மாதிரி ஓர் ஊர். அந்த ஜெர்மன் சினிமாவில் வளர்ந்தவர்களில் பலர், 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. இயக்குநர்கள் பிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மக் மூவருமே பாரிஸ் போய், கொஞ்சக் காலம் அங்கே படம் எடுத்து, பிறகு ஹொலிவூட் போனவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது டாஷியல் ஹாமெட், ஜேம்ஸ் கெய்ன், ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய குற்றக்கதைகள். அகதியின் கண், அமெரிக்க மலிவுப் பத்திரிகையின் கதை, அதோடு போர்க்காலத் தட்டுப்பாடு. ஒரு படத்தின் புதுச் செட்டுகளுக்கு 5,000 டொலருக்கு மேல் பொருள் வாங்கக்கூடாது என்று அமெரிக்க அரசே கட்டுப்பாடு போட்ட காலம் அது. பழைய செட்டைத் திரும்பப் பாவிக்கிறது தெரியாமல் இருக்க இருட்டு நல்லாக உதவும். எடுத்தவர்கள் யாரும் "நாங்கள் நுவார் எடுக்கிறோம்" என்று நினைத்து எடுக்கவில்லை. போர் முடிந்து அந்தப் படங்கள் மொத்தமாகப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தபோது, 1946இல் நினோ பிராங்க் என்ற விமர்சகர்தான் அந்தப் பெயரில் எழுதினார்.

ஆகவே காசு இல்லை, லைட் இல்லை, செட் இல்லை என்பதெல்லாம் உங்களுக்குக் குறையே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு போன் கமெரா, இன்னொரு போன், ஒரு கார்ட்போர்ட் பெட்டி, ஒரு கறுப்புத் துணி, கொஞ்சம் சாம்பிராணி, இவ்வளவும் போதும். இரண்டாவது போன் எதற்கு என்றால், அதில் இருக்கிற பிளாஷ் லைட்டுக்கு. அது சின்னப் புள்ளி, அதனால் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டினது போல விழும். வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கிற பெரிய சொஃப்ட் பொக்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தால் நிழலே கரைந்துபோகும், இந்த வேலைக்கு அது உதவாது. கார்ட்போர்டில் விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கீறி வெட்டுங்கள், யன்னல் தட்டிக்குள்ளால் வருகிற வெளிச்சம் தயார். அதை முகத்துக்கு அல்லது சுவருக்கு எவ்வளவு கிட்டப் பிடிக்கிறீர்களோ, லைட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறீர்களோ, கோடுகள் அவ்வளவு கூர்மை. ஆளின் நிழல் சுவரில் இராட்சத அளவுக்கு வர வேண்டுமென்றால் லைட்டை நிலத்தோடு பதித்து ஆளுக்குக் கிட்ட வையுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பிளட்களில் எடுக்கிறவர்களுக்கு ஒரு தனித் தலையிடி உண்டு. சுவர் எல்லாம் வெள்ளை. ஒரு பக்கம் லைட் அடித்தால் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து, இருட்டாக இருக்க வேண்டிய கன்னத்தையும் வெளிச்சமாக்கிவிடும். கறுப்புத் துணி அதற்குத்தான். கமெராவில் படாமல் இருட்டுக் கன்னத்துக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், அம்மாவின் கடும் நிறச் சேலையும் சரிதான், கேட்டுவிட்டு எடுங்கள்.

கமெரா செட்டிங்: ஓட்டோவில் விட்டால் போன் இருட்டைக் கண்டதும் பதறி எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும், படம் முழுக்கப் புள்ளி விழும். எக்ஸ்போஷரை, அதாவது கமெரா எடுக்கிற வெளிச்சத்தின் அளவை, முகத்தின் வெளிச்சமான பக்கத்துக்குப் பூட்டிவிடுங்கள், மற்றது கறுப்பாகப் போகட்டும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கமெரா கூட்டிக் காட்டுகிற அளவு, முடிந்தளவு குறைவாக. இங்கே கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 செக்கன் என்று வைத்தால் பெரும்பாலான டியூப் லைட்டும் கடை போர்டும் படத்தில் துடிக்காது. நிறத்தையும் முன்கூட்டியே பாருங்கள், ஏனென்றால் சிவப்புச் சேலையும் பச்சைச் சுவரும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகி ஆளே காணாமல் போகலாம்.

சாம்பிராணி புகை ஆளுக்குப் பின்னால் இருந்து லைட் வந்தால்தான் தெரியும், முன்னால் இருந்து அடித்தால் வெறும் மங்கல். ஃபேனை நிறுத்துங்கள். ஸ்மோக் அலாரம் இருக்கிற பில்டிங் என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

தெருவுக்குப் போவதென்றால் மழை பெய்து விட்ட இரவுதான் நாள். நனைந்த ரோட்டில் ஒரு லைட் இரண்டாகும். வியன்னாவில் எடுத்த 1949இன் தேர்ட் மேன் படத்தைப் பாருங்கள், அந்த ஊரின் கல் தெருக்கள் எல்லாம் ஈரத்தில் மினுங்கும், கமெராமேன் ராபர்ட் கிராஸ்கருக்கு ஒஸ்கார் கிடைத்தது. ஐப்பசி கார்த்திகையில் கொழும்பில் பின்னேர மழைக்குப் பஞ்சமே இல்லை, தண்ணீர் வண்டி பிடிக்கத் தேவையில்லை. புறக்கோட்டையில் கடைகள் பூட்டின பிறகு குறுக்குத் தெருக்கள், கொம்பனித்தெருவில் மிஞ்சியிருக்கிற பழைய வரிசை வீடுகள், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகள், புதுக்கடை நீதிமன்றப் பக்கம். காலி வீதி வேண்டாம், அங்கே எல்ஈடி வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே அளவு, நிழல் விழ இடமே இல்லை. கோட்டை ஸ்டேஷன், துறைமுகப் பக்கம், காவல் போட்ட கட்டிடங்கள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி எடுங்கள், "சும்மா போனில்தானே" என்ற கதை பொலிஸிடம் எடுபடாது. அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும்.

இனிக் கதை. நுவாருக்குத் துப்பறிவாளன் கட்டாயம் இல்லை, நீளக் கோட்டும் தொப்பியும் சுத்தமாக வேண்டாம், கொழும்பு வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் நடந்தால் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். குடை போதும், முகத்தை மறைக்கத் தொப்பியை விட வசதி. தேவையானது தப்பு என்று தெரிந்துகொண்டே ஓர் அடி எடுத்து வைக்கிற சாதாரண ஆள். 1944இன் டபுள் இன்டெம்னிட்டி படத்தில் அவன் ஓர் இன்சூரன்ஸ் விற்பனையாளன். நம்முடைய ஊரில் செட்டியார் தெரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறவன், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் பாஸ்போர்ட் அடுக்குகிறவள், ஆள் எத்தனை வேண்டும்? குற்றவாளி தப்பிக்கக்கூடாது என்று அந்தக் காலத்து ஹொலிவூட் தணிக்கை விதியே சொன்னது, அதனால் முடிவு முதலே தெரியும், பார்க்கிறவர் எப்படி மாட்டப்போகிறான் என்றுதான் காத்திருப்பார். பெண் பாத்திரத்தை வெறும் மயக்குகிறவளாக எழுதாதீர்கள், அவளுக்கும் கடன் இருக்கட்டும், கணக்கு இருக்கட்டும்.

டபுள் இன்டெம்னிட்டியில் அவன் இரவோடு இரவாக அலுவலகத்தில் இருந்து ஒலிப்பதிவுக் கருவிக்குள் முழுக்கதையையும் சொல்கிறான். நீங்கள் வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜில் சொல்ல வையுங்கள். நடுவில் அழுத்தி நிறுத்தட்டும், ஒன்றை அழிக்கட்டும். பேச்சு கொழும்புத் தமிழாகவே இருக்க வேண்டும், வானொலிச் செய்தித் தமிழில் வாக்குமூலம் கொடுத்தால் யார் நம்புவார்கள்? பின்னணிக்கு ஜாஸ் தேடி அலைய வேண்டாம், தூரத்தில் கொத்து ரொட்டி போடுகிற சத்தமும் கடற்கரை ரயிலும் போதும்.

தமிழில் பார்க்க வேண்டியது 1954இல் ஏவிஎம் தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் எடுத்த அந்த நாள். சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டு விழுகிறார், அந்தக் காலத்திலேயே ஒரு பாட்டும் இல்லை, 1943இல் ஜப்பான் குண்டு போட்ட சென்னையில் கதை நடக்கிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருதரம் பாருங்கள், எந்த முகத்தை எப்போது பாதியாக வெட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எடிட் முடிந்து நண்பர்களுக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகப் போடாதீர்கள், அது இருட்டை எல்லாம் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். டொக்கியுமெண்டாக அனுப்புங்கள், போன் பிரைட்னஸைக் கூட்டி, அறை லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.