வேட்டைக் கறி கெடுவது சமையலறையில் இல்லை, காட்டிலேயே

மான் கறியோ காட்டுப்பன்றிக் கறியோ, சாப்பிட்டவர்களில் பலர் "என்னவோ மொச்சை வாடை அடிக்குது" என்று முகம் சுளிப்பார்கள். பழியை விலங்கின் மேல் போட்டுவிடுவோம். இணை சேரும் பருவத்துக் கிடாவுக்கு வாடை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரும்பாலும் அந்த வாடை, விலங்கு விழுந்த பிறகு நாம் அதைக் கையாண்ட விதத்தால் வருவது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் உரிமத்தோடு வேட்டையாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் கறியைக் கெடவிட்டுத் தூக்கிப்போடுவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

முதல் தவறு, தாமதம். உயிரோடிருக்கும் மானின் உடல் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்கும், அதன் தோலும் முடியும் அந்தச் சூட்டை மணிக்கணக்கில் வெளியே விடாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் பாக்டீரியா வேகமாகப் பெருகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், போட்டோ எடுப்பதும் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதும் தானாகவே பின்னுக்குப் போய்விடும். அதே சமயம், செத்ததா என்று உறுதி செய்யாமல் கத்தியோடு குனியாதீர்கள். முதுகுப் பக்கமாகப் போய் நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள், இமை அசையவில்லை என்றால் சரி. அப்புறம் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

வயிற்றைத் திறப்பதில்தான் அதிகம் பேர் சொதப்புகிறார்கள். கத்தியைச் சும்மா குத்தி இழுத்தால் இரைப்பை கிழிந்து, பச்சைச் சாறு கறி முழுக்கப் பரவிவிடும். விலங்கை மல்லாத்திப் போட்டு, மார்பெலும்புக்குக் கீழே தோலை விரலால் கிள்ளித் தூக்கி, சின்னதாக ஒரு வெட்டுப் போடுங்கள். அதற்குள் இரண்டு விரலை நுழைத்து, குடலை உள்ளே அழுத்தியபடி, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்க, இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகக் கீழே கொண்டுபோங்கள். தோல் இப்படி உள்ளேயிருந்து வெளியே அறுபடுவதால் முடி கறியில் ஒட்டுவது குறையும். மலவாயைச் சுற்றி அறுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி உள்பக்கமாக இழுக்க வேண்டும். சிறுநீர்ப்பையின் கழுத்தை விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். மூச்சுக்குழாயைப் பாதியில் விட்டுவிடாமல் கையெட்டும் உயரம் வரை போய் அறுத்தெடுங்கள், சீக்கிரம் அழுகும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இதயம் நின்ற பிறகு இரத்தம் வடியட்டும் என்று கழுத்தை அறுப்பதால் பெரிய பயனில்லை. நெஞ்சில் குண்டு பட்ட விலங்கின் இரத்தம் பெரும்பாலும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே வடிந்திருக்கும்.

சரி, எவ்வளவு கவனமாக இருந்தும் இரைப்பை கிழிந்துவிட்டதா? பக்கத்து ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் கிருமி கறிக்கு வரும், குடலிலிருந்து வழிந்ததும் எல்லா இடத்துக்கும் பரவும், ஈரமும் நிற்கும். அசுத்தம் பட்ட இடத்தை வெட்டி எறிவதுதான் நல்லது. கழுவியே ஆக வேண்டுமென்றால் குடிநீரில் கழுவி உடனே துணியால் துடைத்து உலர்த்திவிடுங்கள். குண்டு பாய்ந்த இடத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஈயக் குண்டு கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறி, காயத்தைத் தாண்டியும் போயிருக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடப்போகும் கறி என்றால் இன்னும் தாராளமாக ஒதுக்குங்கள்.

அடுத்தது சூட்டை வெளியேற்றுவது. குடலை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், பின்தொடை எலும்பின் சந்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே குளிர்ந்து கிடக்கும், உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பெரிய விலங்குகளில் கறி எலும்பை ஒட்டிக் கெட ஆரம்பிப்பது அங்கேதான். விலாவைக் குச்சியால் விரித்து வைத்து நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். வெயில் காலமென்றால் தோலையும் உடனே உரித்துவிடுங்கள். சூடு ஆறாத கறியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் சூடும் ஈரமும் உள்ளேயே அடைபட்டுப் புளித்த நாற்றம் வந்துவிடும். காற்றுப் புகும் பருத்தித் துணிப்பை போதும், ஈயும் அண்டாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தால் உருகும் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுங்கள், கறி அதில் ஊறக் கூடாது.

மானின் பின்கால் மூட்டின் உட்புறம் முடி அடர்ந்து, கறுத்த சுரப்பி ஒன்று இருக்கும். அதைத் தொட்ட கையோடும் கத்தியோடும் கறியைத் தொடாதீர்கள், நாம் பேச்சை ஆரம்பித்த அந்த வாடைக்கு அதுவும் ஒரு காரணம்.

கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. காட்டுப்பன்றியிடமிருந்து புரூசெல்லா என்ற பாக்டீரியா, முயலிடமிருந்து துலரேமியா என்ற தொற்றுநோய், இரண்டுமே விரலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகக்கூட மனிதனுக்கு வரும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள், வீங்கிய நிணநீர் முடிச்சுகள், உள்ளே சீழ் என்று எது தெரிந்தாலும் அந்தக் கறியைச் சாப்பிடாமல் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். மான்களை உருக்குலைத்துக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் பரவியிருக்கும் பகுதி என்றால் முதுகெலும்பையும் மூளையையும் வெட்டவே வேண்டாம். பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை காத்திருங்கள், அந்த நோயை உண்டாக்கும் பிரையான் என்ற புரதம் சமையல் சூட்டில் அழிவதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த கறியை அவசரப்பட்டு ஃப்ரீசரில் போடுவதும் தவறுதான். உடல் விறைத்து, அந்த விறைப்பு தளரும் முன்பே உறைய வைத்தால் கறி ரப்பர் மாதிரி ஆகிவிடும், 4 டிகிரிக்குக் கீழே ஒரு நாளாவது வைத்துவிட்டு உறைய வைக்கலாம். காட்டுப்பன்றி, கரடி போன்றவற்றில் இருக்கும் டிரிக்கினெல்லா புழுக்களில் சில வகைகள் உறைநிலையிலும் சாகாது. அதனால் ஃப்ரீசரை நம்பாமல், கறியின் நடுப்பகுதி 71 டிகிரி தொடும்வரை வேகவையுங்கள், நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்.