பழைய பிரிட்ஜை எப்போது மாற்றலாம்? என் நோட்டுக் கணக்கு

வேலூர் சத்துவாச்சாரியில் வீடு கட்டி நாங்கள் குடிவந்தது 1998-ல். அன்றிலிருந்து வீட்டுச் சாமான்களுக்கென்று ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறேன். வாங்கிய தேதி, விலை, எப்போது கெட்டது, எதை மாற்றினார்கள், எவ்வளவு கொடுத்தேன், எல்லாம் அதில் இருக்கும். கணக்கு டீச்சராக இருந்த பழக்கம். பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் என் மகன், "இன்னுமாம்மா இதை வெச்சிருக்க, தூக்கிப் போடு" என்பான். பழசாகிவிட்டது என்பதற்காக மட்டும் நான் எதையும் மாற்றுவதில்லை. அது ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்தது. வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் ஓடும். நான்கு வருடத்துக்கு முன்னால் மாவு நறநறவென்று வர ஆரம்பித்தது, உளுந்து பொங்கவே இல்லை. ஒரு கடையில் விசாரித்தால், "மோட்டார் போயிருக்கும், எக்ஸ்சேஞ்சில் போட்டுடுங்க" என்றார்கள். மனசு வராமல், எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் பாயைக் கூப்பிட்டேன். அவர் மோட்டார் பக்கமே போகவில்லை. குழவியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடிக்கல்லில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். "டீச்சரம்மா, நீங்களே தொட்டுப் பாருங்க." தொட்டேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பெல்ட்டும் தளர்ந்திருந்தது. மறுநாள் கல் கொத்துகிறவர் வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, சின்ன உளியால் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்தார். பெல்ட்டும் கூலியும் சேர்த்து 650 ரூபாய் ஆனது. கொத்திய கல்லில் நேராக மாவு அரைத்துவிடாதீர்கள். கொஞ்சம் மட்டமான அரிசியை ஊறவைத்து, இரண்டு தடவை அரைத்துக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் இட்லியில் கல்தூள் கடிபடும்.

மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் இந்த ஜாதிதான். நாளுக்குப் பத்து நிமிடம் ஓடுகிற மிக்சி பழசானால் கரண்டு பில் ஏறிவிடாது. கப்ளர், கார்பன், ஜாருக்குள் இருக்கும் புஷ், எல்லாம் சில்லறைச் செலவு. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் எங்கள் தெருவில் இன்னும் ஓடுகின்றன. காயில் கருகிப்போய், திரும்பக் கட்டும் கூலி புது விலையில் பாதியைத் தொட்டால், அன்றைக்கு விட்டுவிடலாம்.

பிரிட்ஜ் அப்படியில்லை, அது இருபத்துநான்கு மணி நேரமும் கரண்டில் இருப்பது. இதில் நான் ஒரு தடவை ஏமாந்தேன். 2014 மே மாதம், வெயில் நாற்பதைத் தாண்டிய நாளில் பிரிட்ஜ் நின்றுபோனது. வந்த மெக்கானிக் கம்ப்ரசர் மாற்ற 6,800 ரூபாய் கேட்டார், மாம்பழமும் மாவும் கெட்டுவிடுமே என்ற அவசரத்தில் சரி என்றுவிட்டேன். ஏழே மாதத்தில் கேஸ் இறங்கியது. பக்கச் சுவருக்குள், ஃபோமுக்கு நடுவில் ஓடும் குழாயில் ஓட்டையாம், பிரித்துப் பற்றவைக்க வழியில்லை என்றார். பணம் அவ்வளவும் வீண். அதனால் சொல்கிறேன், பத்து வருடம் தாண்டிய பிரிட்ஜுக்குக் கம்ப்ரசர் போடச் சொன்னால், "உள் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தீர்களா, எத்தனை மாதம் வாரண்டி எழுதித் தருவீர்கள்" என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம்.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்ஜை மாற்றலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் கேஸ்கெட் பிடிக்கவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், அதற்கும் பிடிக்காவிட்டால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றலாம். பின்பக்கம் கம்பிவலை தெரிகிற மாடல் என்றால் தூசியைத் தட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மொட்டைமாடி வெயில் இறங்குகிற சமையலறையில் சுவரோடு ஒட்டி நிற்கும் பிரிட்ஜ் பாவம், மூச்சுவிடாமல் ஓடும்.

அப்புறம் அளக்க வேண்டும். நாங்கள் ஆரணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பிரிட்ஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டர் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பிப் பார்த்தால் 2.6 யூனிட் ஏறியிருந்தது. புது பிரிட்ஜின் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சடித்திருப்பார்கள். நான் பார்த்த மாடலில் அதை 365-ஆல் வகுத்தால் அரை யூனிட் வந்தது. நம் ஊர் வெயிலுக்குப் பாதி கூடச் சேர்த்து முக்கால் என்றே வைத்துக்கொண்டேன். அப்படியும் இரண்டு மாத பில்லில் 110 யூனிட் மிச்சம். எங்கள் பில் அப்போது 560 யூனிட்டில் நின்றது. 500-ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரைக்குமான சலுகை விலையும் போய்விடும். 450-க்கு இறங்கினால் இரட்டை லாபம். அன்றே மாற்ற முடிவு செய்தேன். உங்கள் பில் 200-க்குள் இருந்தால் இந்த அவசரம் தேவையில்லை.

மின்விசிறிக்கும் இதே கணக்குதான். பழைய விசிறி 75 வாட், பிஎல்டிசி என்கிற, கரண்டு குறைவாக இழுக்கும் புது வகை விசிறி 30 வாட் சொச்சம். ஹாலில் பதினாறு மணி நேரம் ஓடுவதை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் குறையும். சாமி அறை விசிறியை மாற்றி என்ன பயன்? மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கண்டன்சரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கீசரில் மட்டும் நான் காசுக் கணக்கே பார்ப்பதில்லை. எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். காயிலில் வெள்ளையாகப் படிந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம், காயிலே போனாலும் புதிது போடலாம். ஆனால் டேங்க் கசிந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது, மாற்றிவிட வேண்டும். குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சில சமயம் தப்பு கீசரில் இருக்காது, எர்த்தில் இருக்கும். கோடையில் மண் வறண்டு எர்த் சரியாகப் பிடிக்காது. பங்குனி பிறந்ததும் நான் எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன்.

வாங்குவது என்று முடிவானால், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பழசுக்கு உண்மையில் கிடைக்கிற பணம். பழைய பிரிட்ஜை எடுத்துப்போக ஆள் வர நாளானால், பின்கட்டில் நிறுத்தும் முன் கதவைக் கழற்றிவிடுங்கள். கண்ணாமூச்சி விளையாடும் பிள்ளைகள் உள்ளே போய் ஒளிந்தால் திறக்க முடியாமல் மாட்டிக்கொள்வார்கள்.