கவர்னர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி? ஆல்ட்கெல்டை வைத்து ஒரு பயிற்சி

"இன்ன தேதியில் பிறந்தார், இன்ன ஊரில் படித்தார்" என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரியிலேயே படிப்பவர் கொட்டாவி விடுவார். வேறு வழி ஒன்று சொல்கிறேன்: அந்த விவரத்தைக் கடைசியில் ஒரே வரியில் எழுதலாம், இப்போதைக்கு மேலே இடம் மட்டும் விட்டு வையுங்கள். பயிற்சிக்கு நாம் எடுத்துக்கொள்வது, 1893 முதல் 1897 வரை இல்லினாய் மாநில கவர்னராக இருந்த ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். (ஜெர்மன் பெயர். 'ஜெ' போட்டுவிடாதீர்கள், 'கெ'தான்.)

படி 1: பதவி என்னவென்று பாருங்கள்

நம் ஊர் ஆளுநரை மனதில் வைத்து எழுதினால் எல்லாம் தப்பாகும். நானே முதல் தடவை "கவர்னராக நியமிக்கப்பட்டார்" என்று எழுதி அசடு வழிந்திருக்கிறேன். அமெரிக்க மாநில கவர்னர் மக்கள் ஓட்டில் ஜெயித்து வருபவர். நம் முதலமைச்சரைப் போல நிர்வாகம் அவர் கையில். அதோடு இல்லினாய் கவர்னருக்குத் தண்டனையை மன்னிக்கும் அதிகாரமும் உண்டு. இதைக் குறித்து வையுங்கள், அடுத்த படியில் வேண்டும்.

படி 2: ஒரே ஒரு நாளைப் பிடியுங்கள்

ஆல்ட்கெல்டுக்கு அது 1893 ஜூன் 26. ஏழு வருடம் முன்பு, 1886 மே 4 அன்று, சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீசார் மீது குண்டு விழுந்தது. வீசியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார். மிஞ்சிய ஃபீல்டன், ஷ்வாப், நீபே மூவரையும் அன்று ஆல்ட்கெல்ட் விடுவித்தார்.

படி 3: அவர் எழுதிய மன்னிப்பு ஆவணத்தைப் படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். 'பாவம், போதுமான தண்டனை அனுபவித்துவிட்டார்கள்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் பெரிய வம்பு வந்திருக்காது. ஆல்ட்கெல்ட் கருணை பேசவில்லை, விசாரணையே தப்பு என்றார். வழக்கமாகப் பெட்டியிலிருந்து சீட்டு எடுத்து ஜூரிகளை (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களை) அழைப்பார்கள். இந்த வழக்கில் தனி அதிகாரி ஒருவர் தனக்குத் தோன்றியவர்களை அழைத்து வந்தார். வழக்கை விசாரித்த நீதிபதி கேரி ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்றும் பக்கம் பக்கமாக எழுதினார். பத்திரிகைகள் வறுத்தெடுத்துவிட்டன.

படி 4: அங்கிருந்து பின்னால் போங்கள்

இப்படி எழுத அவருக்கு எங்கிருந்து தைரியம்? ஜெர்மனியிலிருந்து கைக்குழந்தையாக ஒஹாயோ வந்தவர். 16 வயதில் உள்நாட்டுப் போரில் சிப்பாய். மிசௌரியில் அரசு வழக்கறிஞர். சிகாகோவில் நிலம் வாங்கி விற்றுப் பணக்காரர். 1884இல் சிறைகளையும் தண்டனை முறையையும் சாடி ஒரு புத்தகம். அப்புறம் குக் கவுண்டி (சிகாகோ இருக்கும் மாவட்டம்) நீதிமன்றத்தில் நீதிபதி. கேரி இருந்த அதே நீதிமன்றம்! ஆக, உள்ளே இருந்து பார்த்தவர்.

படி 5: பிறகு முன்னால்

1894 புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தின்போது, தன்னைக் கேட்காமல் ராணுவத்தை அனுப்பியதற்காகத் தன் கட்சி ஜனாதிபதி கிளீவ்லாண்டையே எதிர்த்தார். 1896 தேர்தலில் தோற்றார். 'மன்னிப்பால்தான் தோற்றார்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த வருடம் இல்லினாயில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் அலை.

படி 6: இப்போது முதல் வரி

மேலே இடம் விட்டு வைத்திருப்பீர்கள். எழுதுங்கள்: ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட், பிறப்பு 1847 டிசம்பர் 30, நீடர்செல்ட்டர்ஸ், ஜெர்மனி, இறப்பு 1902 மார்ச் 12, ஜோலியட், இல்லினாய்.