லேசர் வெட்டு இயந்திரத்துக்குப் பலகை அடுக்கறையுடன் ஒரு மேசை

மேசையைத் திட்டமிடும்போது இயந்திரத்தின் வெளியளவை மட்டும் பார்த்தால் போதாது; அதன் வெட்டுப் பரப்பில் எந்த அளவுப் பலகை அடங்கும் என்பதையும் பார்த்தே அடுக்கறையை வரைய வேண்டும். வெட்டுப் பரப்பு 600 × 400 மி.மீ. எனில், 2440 × 1220 மி.மீ. முழுத் தகட்டிலிருந்து 12 துண்டுகள் கிடைக்கும். ரம்பம் தின்னும் அகலத்துக்கும் இடம் இருக்கும். அத்துண்டுகள் எளிதில் நுழைய, ஒவ்வொரு தட்டின் உள்ளளவையும் 640 × 440 மி.மீ. என வைத்துக்கொள்ளலாம்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் இயந்திரங்களில் ஒளிக்கற்றை பொதுவாக மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பியே வில்லையை அடைவதால், மேசை முறுகினால் இயந்திரத்தின் உடலும் முறுகிக் கற்றை வழி தவறக்கூடும். ஆகவே கால்களுக்கு 38 × 89 மி.மீ. மரச்சட்டமும் மேற்பரப்புக்கு 18 மி.மீ. ஒட்டுப்பலகையும் பயன்படுத்தி, இணைப்புகளைப் பசையிட்டுப் போல்ட்டால் இறுக்க வேண்டும். பசை காயும் முன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சமப்படுத்திவிட்டு, பின்புறத்தை 12 மி.மீ. பலகையால் மூடினால் மேசை பக்கவாட்டில் ஆடாது. புகைக்குழாய் கூர்மையாக மடங்கினால் காற்றோட்டம் குறையும் என்பதால், சுவருக்கும் மேசைக்கும் இடையே தாராளமாக இடம் விடுவது நல்லது.

மெல்லிய ஒட்டுப்பலகையைச் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். வளைந்த பலகையில் குவியம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஓரிடத்தில் வெட்டு முழுமை பெறாது. எனவே அதைப் படுக்கைத் தட்டுகளிலேயே அடுக்க வேண்டும். அக்ரிலிக்கைப் பாதுகாப்புத் தாளை உரிக்காமல், இருபுறமும் தாங்கல் உள்ள செங்குத்து அறைகளில் நிறுத்தலாம். மரநாரை அழுத்திச் செய்த, ஈரத்தை உறிஞ்சி உப்பும் எம்.டி.எஃப். பலகையைத் தரையை ஒட்டிய தட்டில் வைக்கக் கூடாது. வெட்டி மிஞ்சிய துண்டுகளுக்கு ஒரே ஓர் இழுப்பறை போதும் என்பது என் உறுதியான கருத்து. அது நிறைந்தால் சிறியவற்றைக் கழித்துவிட வேண்டும், ஏனெனில் இயந்திரத்தின் அடியில் குவியும் மரத்துண்டுகள் தீக்கு இரையாகக்கூடியவை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, பி.வி.சி. தகட்டுக்கு இந்த அடுக்கறையில் இடமே தரக் கூடாது. லேசர் பட்டதும் அது வெளியிடும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பதோடு இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் அரித்துவிடும். வாங்கிய அன்றே ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் பெயரையும் தடிமனையும் எழுதி வைத்து, இன்னதென்று தெரியாத தகட்டை வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். தீயணைப்பானை இயந்திரத்துக்குப் பின்னால் வைக்காமல், வாசலை நோக்கிய பக்கக் காலில் மாட்டுவதே முறை.

600 × 400 மி.மீ. அளவும் 3 மி.மீ. தடிமனும் உள்ள அக்ரிலிக் தகடுகள் இருபது சேர்ந்தால் ஏறத்தாழ 17 கிலோ எடை இருக்கும். அதனால் தட்டுகளை நிரப்பி, இயந்திரத்தையும் ஏற்றிய பிறகே ரசமட்டம் வைத்துக் கால் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். சக்கரம் பொருத்தியிருந்தால் அது தரையைத் தொடாதபடி திருகுகளே பாரம் தாங்கட்டும். பிறகு லேசர் தலையின் நுழைவுத் துளையில் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, மூடியைச் சாத்தி, வெட்டுப் பரப்பின் நான்கு மூலைகளிலும் குறைந்த திறனில் ஒரு நொடிக்கும் குறைவாகச் சுட்டுப் பார்த்து, எரிந்த புள்ளி நான்கிலும் ஒரே இடத்தில் விழும்வரை கண்ணாடிகளைச் சீராக்க வேண்டும். மேசையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.