மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும் முன்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு சீலிங் பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. பதற்றத்தில், முதலில் வந்த மேஸ்திரியிடமே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். துருவைச் சுரண்டாமல் மேலே பூசிவிட்டுப் போனார். அடுத்த மழையில் அதே இடம் உப்பிக்கொண்டது.

அதனால் சொல்கிறேன், நீங்கள் பேசும் மேஸ்திரி முன்பு முடித்த இரண்டு வீடுகளையாவது நேரில் பாருங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வீடாக இருக்கட்டும்.

அப்புறம், தண்ணீர். கடலோரத்தில் இதைத்தான் முதலில் பேச வேண்டும். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது உப்பிலுள்ள குளோரைடுதான்; கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. இரண்டாவது முறை நான் மெட்ரோ வாட்டரை டிரம்மில் பிடித்துவைத்தேன். கலவைக்கு அதுதான் என்று எழுதியும் வாங்கினேன். கம்பியை பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, எனக்குக் காட்டிய பிறகே பூச வேண்டும் என்பதையும் சேர்த்தேன்.

கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா, சதுர அடிக்கு எவ்வளவு என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். இடித்த குப்பையை யார் அள்ளுவது என்பதும்தான். எங்கள் சந்தில் லாரி நுழையாது; மீன்பாடி வண்டிக் கூலிக்குத்தான் சண்டையே வரும்.

பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள். மொட்டைமாடி வேலை என்றால், பாத்தி கட்டி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, கீழே ஈரம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே கடைசித் தவணை.