பலர் ஒன்றாகத் தொடும் திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொது இடத்துத் தொடுதிரையைப் பெருப்பித்த கைத்தொலைபேசியாக எண்ணுவதுதான் மூலத் தவறு. கைத்தொலைபேசிக்குச் சொந்தக்காரர் ஒருவர். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் ஒரு தகவல் திரை வைத்தால், யாழ்ப்பாண வண்டியைத் தேடுபவரும் மாத்தறை வண்டியைத் தேடுபவரும் ஒரே வேளையில் அதன்முன் நிற்பார்கள்.

நம் ஊரில் இந்தத் தவறு முதலில் வெளிப்படுவது மொழிப் பொத்தானில்தான். முழுத் திரைக்கும் ஒரே பொத்தான் என்றால், ஒருவர் சிங்களத்தை அழுத்தியதும் பக்கத்தில் தமிழில் வாசித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பாதி வசனத்தோடு எல்லாம் மறைந்துவிடும். அவர் திரும்ப அழுத்தமாட்டார்; விலகிப் போய்விடுவார். தலைப்புகள் மும்மொழியிலும் எப்போதும் தெரியட்டும். மொழித் தெரிவு ஒவ்வொருவரும் திறக்கும் சிறு சாளரத்துக்கு மட்டும் இருக்கட்டும். கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. ஒருவர் வாசித்து முடிக்கும்வரை மற்றவர் காத்து நிற்க வேண்டியதில்லை. திரைக்குக் கேள்விப்பத்திரம் எழுதும் அதிகாரிகள் ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம்.

"பத்து விரல்களை உணரும்" என்ற விற்பனையாளரின் பேச்சிலும் மயங்க வேண்டாம். விரல்களை உணரும், சரி. எந்த விரல் யாருடையது என்று சாதாரணத் தொடுதிரைக்குத் தெரியாது. ஒருவர் நிலப்படத்தை வெள்ளவத்தைப் பக்கம் நகர்த்த, இன்னொருவர் மருதானைப் பக்கம் இழுத்தால், இரண்டையும் ஒரே ஆளின் இரு விரல்களாக எடுத்துக்கொண்டு படம் விரிந்துவிடும். 2001இல் அமெரிக்காவிலிருந்த மிட்சுபிஷி ஆய்வுகூடம் உருவாக்கிய டயமண்ட்டச் மேசை, இருக்கை வழியே மெல்லிய மின்சமிக்ஞை பெற்று ஆளைப் பிரித்தறிந்தது. நின்றுகொண்டே பாவிக்கும் சுவர்த் திரைக்கு இருக்கை இல்லை; அதை அப்படியே பின்பற்ற முடியாது. அடிப்படைப் படத்தை அசையாமல் வைத்து, தொட்ட இடத்தருகே ஆளுக்கொரு சாளரம் திறப்பதே நல்லது. அப்படிச் செய்தால் சிறுவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கை எட்டும்.

‘முகப்புக்குச் செல்' பொத்தான் மற்றவர்களின் வேலையையும் சேர்த்து அழிக்கக்கூடாது. ஒருவர் போய்விட்டால் அவருடைய சாளரம் மட்டும் தானாக மூடட்டும். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நிறுத்திய திரையில் பின்னேர வெயிலுக்கு எதுவும் தெரியாது. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கவே வேண்டாம்: பின்னால் நிற்பவரும் அதை வாசிப்பார்.

பரிசோதனையை அலுவலகத்தில் பொறியியலாளர் தனியே செய்து முடிக்கிறார். முன்பின் அறியாத மூவரை, மூன்று வெவ்வேறு தேவைகளோடு, ஒன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.